364-ல் எழுந்த கோடு

எட்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு புதன்கிழமை அது. நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். துறைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் கடைசி அறைதான் எங்கள் ஆய்வகம். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோட்டைப் பார்த்தேன். அடுத்த இரண்டு மணி நேரம் நான் பயந்த மாதிரி அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் பயந்ததில்லை.

என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது பிடிபடும். அணுவின் கருவுக்குள் புரோட்டான், நியூட்ரான் என்று இரண்டு வகைத் துகள்கள் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நம் ஊர் உப்பளத்து உப்பில் இருக்கிற சோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புரோட்டான் பதினொன்று, நியூட்ரான் பன்னிரண்டு. இந்த எண்ணிக்கையை மாற்றிப் போட்டால், அதாவது புரோட்டான் பன்னிரண்டு, நியூட்ரான் பதினொன்று என்று ஆக்கினால், அது மெக்னீசியத்தில் ஒரு வகை. கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரிவது போல இருப்பதால் இந்த மாதிரி ஜோடிகளை ஆடி அணுக்கருக்கள் என்பார்கள். பெரிய எந்திரங்களில் இவற்றை மோதவிட்டுக் கிளறிவிட்டால், கூடுதலாகப் பெற்ற ஆற்றலைக் காமா கதிராக வெளியே தள்ளிவிட்டு அடங்கிவிடும். சோடியத்தின் முதல் கதிர் 440 என்ற அளவில் வரும். மெக்னீசியத்தின் கதிர் 451-ல் வரும். கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு கருக்களுக்கு நடுவே இந்தப் பதினொன்று வித்தியாசம் எங்கிருந்து வந்தது, இன்னும் மேலே உள்ள நிலைகளில் அது கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் நான் நாலு வருடமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த விஷயம்.

ஒவ்வொரு கதிரும் திரையில் அதன் அளவுக்குரிய இடத்தில் ஒரு கோடாக எழும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு கோடுகளைப் பிரித்துப் பார்ப்பதே என் தொழில். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அடுத்த மாதம் வடக்கே ஒரு ஆராய்ச்சி மையத்தில் எங்களுக்கு நாலு நாள் எந்திரம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே கொண்டுபோக வேண்டிய, காமா கதிர்களை அளக்கும் ஜெர்மேனியம் டிடெக்டரைச் சரிபார்க்கும் வேலை என்னுடையது. வெளிக்கதிர்களைத் தடுக்கச் சுற்றிலும் அடுக்கியிருந்த ஈயக் கட்டிகளை மாற்றி அடுக்குவதற்காக எடுத்துவிட்டதால் டிடெக்டர் திறந்தபடி இருந்தது. பக்கத்தில் எந்தக் கதிரியக்கப் பொருளும் கிடையாது. நான் மாசமாக இருந்ததால் பரிசோதனைக்கு வைத்திருக்கும் சின்னச் சின்ன மூலங்களைக்கூட எங்கள் பேராசிரியர் வேறு கட்டடத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். சும்மா இருக்கும் அறையில் டிடெக்டர் என்னென்ன பார்க்கிறது என்று ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்வதுதான் திட்டம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அது மணிக்கு ஒரு கோப்பாகத் தானே சேமித்துக்கொண்டிருக்கும்.

எனக்கு அப்போது ஐந்தாவது மாதம். அதற்கு முந்தின வருடம் ஒரு கரு நிற்காமல் போய்விட்டது. அதனால் ஒவ்வொரு நாளும் காலையில் கண் விழித்ததும் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். புதன்கிழமை காலையில் டாக்டரிடம் போய்க் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு, நேராகக் கல்லூரிக்கு வந்தபோது மணி பத்தரை.

பரீட்சைக்கு முந்தின விடுமுறை என்பதால் துறையில் ஆளே இல்லை. துறைத்தலைவர் வேறு கல்லூரிக்குத் தேர்வு வேலையாகப் போயிருந்தார். எங்கள் பேராசிரியர் அந்த ஆராய்ச்சி மையத்துக்கே ஒரு கூட்டத்துக்காகக் காலை விமானத்தில் கிளம்பிவிட்டார். மிச்சம் இருந்தது நானும், எங்கள் துறை உதவியாளரான அக்காவும்தான்.

அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கடற்கரையில் கோயில் தெருவைச் சேர்ந்தவர். அண்ணன் தம்பிகள் எல்லாம் படகு வைத்திருப்பவர்கள். கல்லூரியில் ஒப்பந்த வேலை. நான் மாணவிதான், டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். நான் மாசமாக இருப்பதை என் அம்மாவுக்கு அடுத்தபடியாகக் கண்டுபிடித்தவர் அவர்தான். வேண்டுதலுக்காக வெளியூர் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பதினைந்து நாள் லீவில் போயிருந்தவர் அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தார்.

பார்த்ததும் சந்தோஷமாகக் கிட்டே போனேன். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். சில மாதமாகவே செய்வது போலச் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டு, தடுமன் பிடித்திருக்கிறது என்று ஏதோ முனகிவிட்டு ஆய்வகத்துக்கு அடுத்த ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வராந்தாவில் இருந்து குரல் மட்டும் வந்தது, டீ வைத்திருக்கிறேன் என்று. போய்ப் பார்த்தால் தூரத்தில் பெஞ்சு மேல் டம்ளர் இருக்கிறது, ஆளைக் காணோம். எனக்கு மனசு சுருங்கிப் போனது. நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். பன்னிரண்டு மணிக்குத்தான் டிடெக்டரின் கணக்கைத் திறந்தேன்.

மழைக் காலத்தில் சில கோடுகள் உயரும் என்பது எங்களுக்குத் தெரியும். காற்றில் இயற்கையாகவே இருக்கிற ரேடான் வாயுவின் வழிவந்த அணுக்களை மழை கீழே கொண்டுவந்து சேர்க்கும். அவற்றில் ஒன்று 352-ல் கோடு காட்டும். அது இருந்தது. ஆனால் அதற்கு வலது பக்கத்தில், அதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் இன்னொன்று நின்றது. அளந்து பார்த்தேன். 364.

தப்பாக இருக்கும் என்று அளவுகோலை மறுபடி சரிசெய்தேன். 364-தான். அது நான் நினைப்பதுதான் என்றால் 284-லும் 637-லும் துணைக்கு இரண்டு சின்னக் கோடுகள் இருந்தாக வேண்டும். இரண்டுமே இருந்தன.

அயோடின் 131.

இயற்கையில் இது கிடையாது. எட்டு நாளில் பாதியாகத் தேய்ந்துவிடும் என்பதால் எங்கேயும் பழசாகக் கிடக்கவும் வாய்ப்பில்லை. யுரேனியம் பிளக்கும்போது பிறக்கிறது. அணு உலையில் பெரிய விபத்து என்றால் முதலில் காற்றில் பரவுவது இதுதான் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். எங்கள் ஊருக்குத் தெற்கே, இதே கடலோரத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது.

கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பொறாமைப்படும்படி அவ்வளவு சாதாரணமாக ஒருவர் குடை பிடித்துக்கொண்டு சைக்கிளில் போனார். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று அவர் தலையில் பெய்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் என் வயிறு நினைவுக்கு வந்தது. கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி அயோடினைத் தேடி உறிஞ்சும். வயிற்றுப் பிள்ளைக்கு மூன்று மாதம் தாண்டிவிட்டால் அதற்கும் அந்தச் சுரப்பி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். படித்ததெல்லாம் இப்படி அந்த நேரத்தில்தான் வரிசையாக ஞாபகத்துக்கு வர வேண்டுமா? ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினேன். துப்பட்டாவை நனைத்துக் கதவிடுக்கில் திணித்தேன். பேராசிரியருக்குப் போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. துறைத்தலைவர் எடுக்கவில்லை.

என் கணவர் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவரைக் கூப்பிட்டுப் பாதி அழுகையிலேயே சொன்னேன். பின்னால் கிரேன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏளா, பதறாத. நீ மட்டுந்தான் பாத்தியா, வேற யாரும் எதும் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

எவ்வளவு சரியான கேள்வி. எனக்கோ கோபம்தான் வந்தது. மெஷின் பொய் சொல்லாது, அவர்கள் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கத்தினேன். அயோடின் மாத்திரை கிடைக்குமா என்று மருந்துக் கடையில் கேட்கச் சொன்னேன். வீட்டில் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். மதினிக்கும் சொல்லுங்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்துவிடட்டும் என்றும் நான்தான் சொன்னேன். மதினி என்பது கணவரின் அக்கா. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. ஏழு வயதில் ஒரே மகள். மதினியின் கணவருக்கு வெளிநாட்டுக் கப்பலில் வேலை.

போனை வைத்துவிட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்தேன். கோடு கண் முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கதிர். டிடெக்டருக்குள் நுழைகிற அதே மாதிரி எனக்குள்ளும் நுழைந்து போகிறது. வயிற்றை மேஜைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது எதையும் தடுக்காது என்று தெரிந்தும்தான் அப்படிச் செய்தேன். கொஞ்ச நேரத்தில் போனில் செய்திகள் வர ஆரம்பித்தன. படித்தவர்கள் இருக்கிற ஒரு குழுவில், அணு உலை வெடித்துவிட்டதாம், காலேஜ் மெஷினில் பதிவாகியிருக்கிறதாம் என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் பயம் இரண்டு மடங்கு ஆனது. பாருங்கள், வெளியிலும் தெரிந்துவிட்டது, அப்படியானால் உண்மைதான் என்று நினைத்தேன். அந்தச் செய்தி கிளம்பியதே என்னிடமிருந்துதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அறையை விட்டு வெளியே போகவும் பயம், உள்ளே இருக்கவும் பயம். ஒரு மணி வாக்கில் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. அக்கா சாப்பிடப் போகிறார் என்று புரிந்தது. அவரைக் கூப்பிட்டு எச்சரிக்க வேண்டும் என்று தோன்றியதே தவிர எழுந்திருக்க முடியவில்லை. மனசாரச் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரத்தில் என்னையும் என் பிள்ளையையும் தவிர வேறு யாரும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

இரண்டு மணிக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். கோடு ஏறவில்லை. கொஞ்ச நேரமாக அதே உயரத்தில் நிற்கிறது. 352 எப்போதும் போல மெல்ல மெல்ல ஏறுகிறது, 364 மட்டும் அப்படியே இருக்கிறது. மேகம் கடந்து போய்விட்டதோ என்று மூச்சு விட்டேன். அதற்குள் வெளியே மறுபடியும் காலடி. இரண்டு நிமிடத்தில் 364 திரும்ப ஏற ஆரம்பித்தது.

நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையை அப்போதுதான் செய்தேன். மணிக்கு ஒன்றாகச் சேமித்திருந்த கோப்புகளைத் தனித்தனியாகத் திறந்தேன். முந்தின நாள் சாயங்காலம் தொடங்கிக் காலை ஒன்பது மணி வரை 364 என்ற இடம் வெறுமையாக இருந்தது. ஒன்பதிலிருந்து பத்துக்கான கோப்பில் பாதி உயரத்துக்குத் திடீரென்று வந்திருக்கிறது, அதாவது ஒன்பதரை வாக்கில். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை இல்லை. இரண்டு மணிக்கு மேல் மறுபடியும் இருக்கிறது.

எந்த மேகமும் ஒன்பதரைக்கு வேலைக்கு வந்து ஒரு மணிக்குச் சாப்பிடப் போகாது.

கதிர்வீச்சின் அளவு பார்க்கிற கையடக்க மீட்டரை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். ஜன்னல் பக்கம் நீட்டினேன், எப்போதும் போல எங்கோ ஒரு டிக். வராந்தாவில் வாசல் பக்கம், அதே. திரும்பி ஸ்டோர் ரூம் பக்கம் நடந்தேன். டிக் டிக் என்று நெருங்கியது. இன்னும் நாலு அடி வைத்தேன். பெருமழை தகரத்தில் விழுகிற மாதிரி சத்தம். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எங்கள் ஆய்வகத்தின் சுவரில் சாய்ந்து ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் என் டிடெக்டர்.

என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, உள்ளே மூலைக்கு ஒதுங்கினார்.

"கிட்ட வராதீங்க டீச்சர். அங்கனயே நில்லுங்க."

நின்றேன். மீட்டர் என் கையில் கத்திக்கொண்டிருந்தது. அவர் அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலைப்பை இறக்கிக் காட்டினார். கழுத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை இன்னும் மங்காத தழும்பு.

ஆறு மாதத்துக்கு முன் தைராய்டில் கட்டி என்று கண்டுபிடித்து, கோடை விடுமுறையில் ஆபரேஷன் செய்து சுரப்பியையே எடுத்திருக்கிறார்கள். புற்றுநோய். மிச்சம் மீதி இருந்தால் அழிப்பதற்காக இப்போது வெளியூர் ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்துக் கதிரியக்க அயோடினை மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். வேண்டுதல் என்று போனது அதற்குத்தான். இதற்கு மேல் லீவு எடுத்தால் ஒப்பந்தக்காரர் வேறு ஆள் போட்டுவிடுவார். வியாதி வெளியே தெரிந்தால் தன் கையால் யாரும் டீ வாங்கிக் குடிக்க மாட்டார்கள் என்ற பயம் வேறு. இதையெல்லாம் அவர் மூலையில் நின்றபடியே சொன்னார்.

"மாசமா இருக்கவங்க கிட்டயும், சின்னப் பிள்ளைய கிட்டயும் போகவே கூடாதுன்னு சொல்லி விட்டுருக்காங்க. இன்னும் ஒம்பது நாள் இருக்கு. அதான் காலைலயே ஒதுங்கி வந்துட்டேன். செவுத்துக்கு இந்தப் பக்கம் இருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன் டீச்சர்." என் வயிற்றைப் பார்த்தார். "பிள்ளைக்கு எதும் ஆயிருக்குமோ?" என்று மட்டும் கேட்டார்.

நான் இரண்டு மணி நேரமாக நடுங்கிக்கொண்டிருந்த அதே கேள்வியை நினைத்து அவர் இப்போது நடுங்கினார். சுவர் பாதியைத் தடுத்திருக்கும், தூரமும் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று என் வாயே சொன்னது. கணக்குப் போட்டுப் பார்க்காமலே அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. அதே கணக்கு பன்னிரண்டு மணிக்கும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அணுமின் நிலையத்தில் விபத்து என்று நினைத்துவிட்டதை அவரிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

"வாடைக்காத்துல்லா அடிக்குது. தெக்க இருந்து இங்கன எப்படி டீச்சர் வரும்?"

படகுக்காரர்கள் வீட்டுப் பெண். ஐப்பசியில் காற்று வடக்கிலிருந்து வரும் என்பது எனக்கும் தெரியாதா என்ன? நான் பிறந்து வளர்ந்ததும் இதே ஊர்தான். பயம் முதலில் அதைத்தான் தின்றிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அப்போது போன் அடித்தது. கணவர்.

மதினி செய்தி கேட்டதும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்ற இரண்டு தாய்மார்களிடமும் சொல்லியிருக்கிறார். மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, ஊரை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்று பாளையங்கோட்டையில் இருக்கிற உறவினர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கொட்டுகிற மழையில், எங்கள் ஊரை அடுத்திருக்கிற புதுக்கோட்டை கிராமம் தாண்டி வண்டி வழுக்கி இரண்டு பேரும் ரோட்டில் விழுந்துவிட்டார்கள். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டு, பிள்ளையின் தலைக்குச் சில அடி முன்னால் வண்டியை நிறுத்தியிருக்கிறார். கீழே இறங்கி அவர்தான் இருவரையும் தூக்கி ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். பிள்ளைக்கு இடது கை முறிந்துவிட்டது.

கணவர் சொல்லி முடிக்கும் வரை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா மூலையிலிருந்து, என்ன டீச்சர், என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு என் பக்கத்தில் வந்து தாங்கிப் பிடிக்க ஆசை, வரவும் முடியாது. அந்தப் பதினைந்து அடி தூரம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஆபீசில் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பிள்ளை மாவுக்கட்டோடு படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், மழையில் விஷம் இருக்கிறதா அத்தை, நான் நனைந்துவிட்டேனே, செத்துப் போய்விடுவேனா என்று கேட்டது. இல்லடா கண்ணு, அது நல்ல மழைதான், அத்தைதான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். மதினி முழங்கையில் சிராய்ப்போடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"படிச்ச பிள்ள சொல்லுதேன்னுதான நம்பி ஓடுனேன்," என்றார். சத்தம் போடவில்லை. அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவும் இல்லை.

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருக்கலாம். நான் கோட்டைத் தப்பாகப் படிக்கவில்லை, அயோடின் இருந்தது நிஜம், இன்னாரால் வந்தது என்று ஒரு வார்த்தை போதும். மில்லர்புரத்தில் சொன்னால் சாயங்காலத்துக்குள் கல்லூரிக்குத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். என் பெயரைச் சொல்லி, என் குரலிலேயே பதிவு செய்து, கிடைத்த குழுக்களுக்கெல்லாம் அனுப்பினேன்: அணுமின் நிலையத்தில் ஒன்றும் நடக்கவில்லை, நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னியுங்கள் என்று. அதிகாரிகளும் அன்றே மறுத்து அறிவித்தார்கள். ஆனால் மறுப்புக்கு வதந்தியின் வேகம் இல்லை. மூன்று நாள் வரை கடற்கரைப் பக்கம் மீனை வாங்க ஆட்கள் யோசித்தார்கள். அக்காவின் அண்ணன் தம்பிகள் கொண்டுவந்த மீனும் அதில் இருந்திருக்கும். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். என்ன கோடு, எப்படித் தவறியது என்று கேட்டார்கள். 352-ஐ 364 என்று படித்துவிட்டேன் என்றேன். என் தொழிலில் அதைவிடக் கேவலமான ஒன்றை நான் சொல்லியிருக்க முடியாது. அறையில் இருந்த ஒருவர், பன்னிரண்டு வித்தியாசம் தெரியாதவர் பதினொன்றை எப்படி ஆராய்கிறார் என்று கேட்டார்.

எங்கள் பேராசிரியரிடம் மட்டும் நடந்ததை அப்படியே சொல்லியிருந்தேன். அவர் மணிவாரியான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒரு மணிக் கோப்பில் கொஞ்ச நேரம் நின்றார். அன்று எனக்கும் பிள்ளைக்கும் எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும் என்று கையாலேயே கணக்குப் போட்டு, கவலைப்படும் அளவு இல்லை என்று தாளை என்னிடம் கொடுத்தார். என் டாக்டரும் அதைத்தான் சொன்னார். பேராசிரியர் விசாரணைக் குழுவுக்கு, மாணவியைத் தனியாக விட்டுப் போனது தன் தவறு என்று எழுதிக் கொடுத்தார். அக்காவுக்கு அந்த ஒன்பது நாளும் பழைய கட்டடத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் பழைய பதிவேடுகளை அடுக்கும் வேலை கிடைத்தது. காரணம் யாருக்கும் தெரியாது. கடுமையான எச்சரிக்கைக் கடிதத்தோடு என்னை விட்டுவிட்டார்கள். அந்த முறை எந்திரத்துக்கு எனக்குப் பதிலாக வேறு மாணவர் போனார்.

பங்குனியில் எனக்கு மகள் பிறந்தாள். மூன்றாவது நாள் அக்கா பார்க்க வந்தார். வாசல்படியிலேயே நின்றுகொண்டு, உள்ளே வராமல் கேட்டார்.

"டாக்டர் செக் பண்ணிட்டு எல்லாம் போயிருச்சுன்னு சொல்லிட்டாங்க. இப்ப தூக்கலாம்ல டீச்சர்?"

மாதக்கணக்காயிற்று, எப்போதோ போயிருக்கும் என்பது என்னைவிட அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அவருக்கு அதை என் வாயால் கேட்க வேண்டியிருந்தது. நானே எழுந்து குழந்தையைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

மதினி என்னோடு பேச ஆரம்பிக்க இரண்டு வருடம் ஆனது. பேசினாலும் நடுவில் ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருந்தது. போன வருடம் அக்கா வேலையிலிருந்து நின்றார். நின்ற மறு வாரம், என்னிடம் சொல்லாமல், மில்லர்புரத்தில் மதினியின் வீட்டைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் மதினி போன் செய்தார். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா என்றார். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உண்மையைச் சொன்னாலும் அவர் மகளின் கையை முறித்த போன் நான் செய்ததுதானே. அந்தப் பழியை எந்த அயோடின் மேலும் போட முடியாது.

இதை எழுதட்டுமா என்று கேட்டபோது அக்கா சம்மதித்தார், பேர் மட்டும் வேண்டாம் என்றார். இன்று நானும் மாணவர்களுக்குக் கதிர்களின் கோடுகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். கோட்டைப் படிப்பது சீக்கிரம் வந்துவிடும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பொறுமையாகத் தேடுவதுதான் கஷ்டம், பயந்த நேரத்தில் இன்னும் கஷ்டம். அன்று இரண்டு மணி நேரம் என் பிள்ளைக்காக நான் எதைக் கண்டு நடுங்கினேனோ, அது என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று காலையிலிருந்தே ஒதுங்கி உட்கார்ந்திருந்த ஒரு மனுஷி என்பதை நினைக்கும்போது, நான் பயப்படுகிற எதையும் ஒரு தடவை கிட்டே போய்ப் பார்க்காமல் அடுத்தவரிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வருவதில்லை.